அக்காவின் கார் நேராகப் போகிறது

நேராகத்தான் போகிறது. முதலிலிருந்து திரும்ப ஓட விட்டேன். இருபத்திரண்டு வினாடி, பரணியின் தங்கை நேற்று ராத்திரி வைத்த ஸ்டேட்டஸ். சோபாவில் வினோ அக்கா, பக்கத்தில் பரணி, எதிரே சுவர் அளவுக்கு ஒரு டிவி, அதில் கார் ரேஸ் கேம், திரை இரண்டாகப் பிரிந்திருக்கிறது, மேலே அவர் கார், கீழே அக்கா கார், பாலத்து மேல் நீளமான ரோடு, அதில் அக்காவின் கார் ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி போகிறது. ஐந்து தடவை பார்த்தாயிற்று. ஒரு இடத்திலாவது இடது பக்கம் கொஞ்சம் சாயும், பாலத்துக் கம்பியில் உரசும் என்று பார்க்கிறேன், சாயவே இல்லை. ஆறாவது தடவை ஓடும்போது மேலே மெசேஜ் வந்து விழுந்தது, அந்தப் பரணியிடமிருந்தேதான். 'மச்சான், கடைல நிக்கிறேன். பிஎஸ் ஃபைவா, கேமிங் பிசியா? ரெண்டும் ஸ்டாக் இருக்கு. ஆறு மணிக்குள்ள சொல்லு, பில் போட்டுடறேன்.' மணி ஐந்தே கால். நான் நசீமா அக்காவின் தையல் கடையில் பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறேன். இன்னும் பன்னிரண்டு நாளில் அக்காவுக்குக் கல்யாணம், மாப்பிள்ளை அந்தப் பரணிதான், ப்ளவுஸ் நான்கும் இன்றைக்கு வாங்காமல் வீட்டுக்கு வரக்கூடாது என்று அம்மா சொல்லி அனுப்பியிருக்கிறாள். 'கொக்கி மட்டும்தான் பாக்கி, அஞ்சு நிமிஷம்' என்று நசீமா அக்கா நாலு மணிக்குச் சொன்னார். இப்போதும் அதையேதான் சொல்கிறார், வாயில் ஊசி இருப்பதால் பாதிதான் கேட்கிறது.

நேராகப் போனால் உனக்கு என்னடா வந்தது என்று யாராவது கேட்டால் சொல்வதற்கு ஒரு பதில் இருக்கிறது, ஆனால் சொன்னால் சிரிப்பார்கள். எங்கள் வீட்டில் இருக்கும் கன்சோல் அப்பா பழையதாக வாங்கி வந்தது, யாரோ வெளிநாடு போகிற ஆள் விற்றது, அப்போது எனக்கு ஒன்பது வயது, அக்காவுக்குப் பதினாறு. கூட இரண்டு கன்ட்ரோலர் வந்தது, ஒன்று நல்லது, இன்னொன்றில் இடது குச்சி கெட்டுப்போனது, கையை எடுத்தாலும் தானாக வலது பக்கம் இழுக்கும். முதல் நாளே அக்கா கெட்டதை எடுத்துக்கொண்டாள், 'நீ சின்னப் பையன், நல்லதை நீ வச்சுக்கோ, அப்புறம் தோத்துட்டு அழக்கூடாது' என்றாள். இரண்டு வாரம் அவள் கார் வலது பக்கச் சுவரிலேயே தேய்ந்துகொண்டு போனது. அதற்கப்புறம் தேயவில்லை, கட்டைவிரலை எப்போதும் ஒரு நூல் இடது பக்கம் தள்ளியே வைத்துக்கொள்ளப் பழகிவிட்டாள், குச்சி இழுக்க, இவள் தள்ள, கார் நடுவில் போகும். அந்தக் கெட்ட கன்ட்ரோலரை வைத்துக்கொண்டு ஒன்பது வருஷம் என்னைத் தோற்கடித்தாள். தோற்பவன் மொட்டை மாடிக்குப் போய்த் துணி எடுத்து வர வேண்டும் என்பது எங்கள் சட்டம், சேலத்து வெயிலில் மொறுமொறுவென்று காய்ந்த பாவாடையும் துண்டும் நான் சுமந்ததற்குக் கணக்கில்லை. அவளுக்குச் சென்னையில் பேங்க் வேலை கிடைத்தபோதுகூட, மாசம் இரண்டு தடவை வந்தால், பையைக் கீழே வைத்த உடனே கையை நீட்டுவாள், நான் கெட்டதைக் கொடுப்பேன். வேறு கன்ட்ரோலர் வாங்கலாம் என்று நாங்கள் இரண்டு பேருமே சொன்னதில்லை. ஏன் சொன்னதில்லை என்று இப்போது, இந்த ஸ்டூலில் உட்கார்ந்துதான் யோசிக்கிறேன். சென்னையிலேயே இருக்கும் பரணி வீட்டுக்கு அவள் முதல் தடவை சாப்பிடப் போன ஞாயிற்றுக்கிழமையும் அந்தத் தங்கை ஒரு வீடியோ போட்டாள். அதில் அக்காவின் கார் இடது பக்கக் கம்பியில் இடித்து இடித்துப் போகிறது, எல்லோரும் சிரிக்கிறார்கள், 'என்ன அண்ணி, பேங்க்ல லைசென்ஸ் கேக்கலையா' என்று அந்தத் தங்கை கத்துகிறாள். எனக்குத்தான் தெரியும். அது புது கன்ட்ரோலர், இழுக்காது, ஆனால் அக்காவின் விரல் இழுப்பு இருக்கிறது என்று நினைத்துத் தள்ளிக்கொண்டே இருக்கிறது. அவர்களுடைய சோபாவில் உட்கார்ந்தாலும் அவள் விரல் எங்கள் வீட்டில் இருந்தது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், நான்கு நாள் சந்தோஷமாக இருந்தேன். அம்மா ரேஷன் கடைக்குப் போகச் சொன்னதும் போனேன், அவ்வளவு சந்தோஷம்.

இப்போது நேராகப் போகிறது. சரி, விடு, பதில் போடு, பிஎஸ்ஸா பிசியா. இரண்டு வருஷத்துக்கு முன்னால் யாராவது இப்படிக் கேட்டிருந்தால் அரை வினாடி ஆகியிருக்காது. பிசி என்று கேட்பதற்கு முன்பே சொல்லியிருப்பேன். கிராஃபிக்ஸ் கார்டு எது, ரேம் எவ்வளவு, கேபினெட்டில் எத்தனை ஃபேன், ஃபேனில் என்ன கலர் விளக்கு எல்லாம் மனப்பாடம், வேதியியலில் ஒரு சமன்பாடு நினைவில்லை, இது நினைவிருக்கிறது. பிசி என்றால் கேம் மலிவாகக் கிடைக்கும், பழசானால் ஒரு பாகத்தை மட்டும் மாற்றலாம், எடிட்டிங் பண்ணலாம், சேனல் ஆரம்பிக்கலாம். பிஎஸ் மாதிரி கன்சோல் என்றால் பெட்டியைப் பிரி, டிவியில் சொருகு, உட்கார், அவ்வளவுதான், எதையும் மாற்ற முடியாது, அவன் கொடுத்ததுதான். இதையெல்லாம் வைத்து ஸ்கூலில் ஜெகன்கூட லஞ்ச் பிரேக் முழுக்கச் சண்டை போட்டிருக்கிறேன். அம்மாவும் பிசி கட்சிதான், 'கம்ப்யூட்டர்னா நாளைக்குப் படிப்புக்கு ஆகும்டா' என்கிறாள். படிப்பு எனக்கு ஆகாது, ப்ளஸ் டூ முடிந்தது, பாஸ், அதோடு சரி, காலேஜுக்கு ஃபாரம் வாங்கவில்லை, வாங்கப்போவதும் இல்லை. அதைச் சொன்னால் அம்மா அழுவாள் என்று சொல்லவில்லை, அவளும் தெரிந்துகொண்டுதான் நாளைக்கு, நாளைக்கு என்கிறாள். ஆக, எல்லா விதத்திலும் பிசிதான். ஆனால் கை அந்த எழுத்தை அடிக்க மாட்டேன் என்கிறது. ஏனென்றால் பிசி முன்னால் ஒரு நாற்காலிதான். ஜெகன் வீட்டில் பார்த்திருக்கிறேன், அவன் விளையாடுவான், நாங்கள் பின்னால் நின்று அவன் தலையைப் பார்த்துக்கொண்டிருப்போம், காதில் ஹெட்செட், யாரோ டெல்லிக்காரனிடம் இந்தியில் கெட்ட வார்த்தை பேசுவான். கன்சோல் என்றால் தரையில் பாய் போட்டு இரண்டு பேர், முட்டி இடிக்கும், ஜெயிக்கிற நேரத்தில் ஒருத்தர் இன்னொருத்தர் கண்ணைப் பொத்தலாம். அப்போ கன்சோல் என்று அடி. அடித்தால் யாரோடு விளையாடுவாய்? அப்பா டிவி சத்தத்தைக் குறை என்பதோடு சரி. அம்மாவுக்கு எந்தக் கார் தன்னுடையது என்றே தெரியாது. ஜெகன் காலேஜுக்குக் கோயமுத்தூர் போகிறான். இரண்டாவது காரை மிஷினே ஓட்டும், அது தோற்றாலும் துணி எடுக்கப் போகாது. பல்லி மாதிரி இந்த யோசனை அதே சுவரில் ஏறி ஏறி அதே இடத்தில் நிற்கிறது.

'யாருக்குடா அவ்வளவு நேரமா டைப் பண்ணி அழிக்கிறே, பொண்ணா?' என்று நசீமா அக்கா கேட்டார். மாப்பிள்ளைக்கு என்றேன். 'மாப்பிள்ளைக்கா இவ்வளவு வெட்கம்?' என்று ஊசியை எடுத்துவிட்டுச் சிரித்தார். சிரிக்கட்டும். இது பரிசு இல்லை என்று அவருக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. எங்கள் ஆட்களில் கல்யாணத்தன்றைக்கு மண்டப வாசலில் பெண்ணின் தம்பி மாப்பிள்ளை காலைக் கழுவ வேண்டும், கழுவினால் மாப்பிள்ளை அவன் விரலில் ஒரு மோதிரம் போடுவார், போட்ட பிறகுதான் தம்பி வழியை விட்டு நகர்வான். போடாவிட்டால் நகரக்கூடாது, நின்றுகொண்டே இருக்கலாம், மேளக்காரர்கள்கூடக் காத்திருப்பார்கள். பெரியப்பா மகன் கல்யாணத்தில் பெண் வீட்டுப் பையன் அரை மணி நேரம் நின்றான், மோதிரம் லூஸாக இருக்கிறது என்று. சின்ன வயதில் எனக்கு அது விளையாட்டாக இருந்தது. நிச்சயத்தன்று பரணி என் தோளில் கை போட்டு, 'மோதிரம்லாம் நீ ரெண்டு நாள்ல தொலைச்சுடுவே மச்சான், உனக்குப் புடிச்சதா ஒண்ணு வாங்கிடலாம், வினோ சொன்னா' என்றார். வினோ சொன்னாள். அவள்தான் சொல்லியிருக்கிறாள், என் தம்பிக்கு இது பிடிக்கும் என்று, அவர்கள் இரண்டு பேரும் உட்கார்ந்து என்னைப் பற்றிப் பேசியிருக்கிறார்கள், நான் இல்லாதபோது, பாவம் பையன் என்கிற மாதிரி. எனக்குப் பிடித்ததைக் கொடுத்துவிட்டு எனக்குப் பிடித்ததை எடுத்துக்கொண்டு போவது. அந்த ஆளைக் கெட்டவர் என்று சொல்லவும் வழியில்லை, அதுதான் கடுப்பு. பொண்ணு பார்க்க வந்த அன்றைக்கு நான் காபி தட்டை நீட்டி, 'எடுத்துக்கோங்கண்ணா' என்றுவிட்டேன். ஹால் முழுக்கச் சிரிப்பு. அவர் அண்ணன் என்றால் அக்காவுக்கும் அண்ணனாகிவிடுவாரே, அப்புறம் எங்கே கல்யாணம். 'அண்ணா இல்லடா, மாமா, மாமான்னு சொல்லு' என்று அத்தை என் முதுகில் தட்டினாள். அவர் மட்டும் சிரிக்கவில்லை, 'பரவால்ல, வாய்க்கு வந்ததைக் கூப்பிடட்டும்' என்றார். அன்றிலிருந்து நான் அவரை எதுவுமே கூப்பிட்டதில்லை. ஆங், சொல்லுங்க, இருங்க அக்கா வரா, இவ்வளவுதான். ஏழு மாசம் இப்படியே ஓட்டிவிட்டேன், எவ்வளவு கஷ்டம் தெரியுமா, ரோட்டுக்கு அந்தப் பக்கம் நிற்கிற ஆளை எதுவும் கூப்பிடாமல் எப்படித் திரும்ப வைப்பது, ஒரு தடவை கையைத் தட்டினேன்.

ஐந்து நாற்பது. நசீமா அக்கா முதல் ப்ளவுஸை மடித்து வைத்தார், மெரூன் கலர், முதுகில் ஆரி வேலையில் இரண்டு மயில், ஒரு மயிலின் கண்ணில் கல் விழுந்திருந்தது, அதை ஒட்டிவிட்டுத் தருகிறேன் என்றார். 'உங்க அக்கா சந்தோஷத்துல பூசிட்டா, போன மாசம் குடுத்த அளவுக்கு இப்ப கை ஒரு இன்ச் பிரிச்சேன்' என்றார். எனக்கு அதுவும் பிடிக்கவில்லை. எங்கள் வீட்டில் பதினாறு வயதிலிருந்து ஒரே மாதிரி இருந்தவள், ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டில் மாறிவிட்டாள், கை மாறிவிட்டது, விரல் மாறிவிட்டது. போனைத் திருப்பிப் போட்டேன், எடுத்தேன். இந்த வீடியோவில் அவள் பார்ப்பது திரையை அல்ல என்று ஏழாவது தடவையில் கண்டுபிடித்தேன். பதினான்காவது வினாடியில் திரும்பி அவரைப் பார்க்கிறாள், கார் அப்போதும் நேராகப் போகிறது. என்னோடு விளையாடும்போது ஒரு நாளும் திரும்பியதில்லை, பார்வையை எடுத்தால் குச்சி இழுத்துவிடும். அப்படியானால் அவளுக்கு அங்கே சுலபமாக இருக்கிறது. ஒன்பது வருஷம் தள்ளிக்கொண்டே இருந்தவளுக்கு இப்போது தள்ள வேண்டியதில்லை. நல்ல தம்பி என்றால் இதற்கு நிம்மதிப்பட வேண்டும். எனக்கு அந்த டிவி உடைந்தால் தேவலை என்றுதான் இருந்தது, மனிதர்கள் யாருக்கும் ஒன்றும் ஆகக்கூடாது, டிவி மட்டும். அப்புறம் இன்னொன்று தோன்றியது. கல்யாணம் முடிந்து ஏதோ ஒரு வெள்ளிக்கிழமை, அவள் பையோடு வருவாள், கூட அவரும் வருவார், அம்மா புது பெட்ஷீட் போடுவாள், அவள் நாற்காலியில் உட்கார்ந்து 'எப்படிடா இருக்கே, சாப்பிட்டியா' என்பாள், நான் கன்ட்ரோலரை நீட்டுவேன், நீட்டுகிறேனே என்பதற்காக வாங்கிக்கொள்வாள், வாங்கி ஓட்டினால் அவள் கார் வலது பக்கச் சுவரில் தேய்ந்துகொண்டு போகும். நான் ஜெயிப்பேன். அதுதான் பயம். கன்சோலோ பிசியோ இல்லை, நான் ஜெயித்துவிடுவேன் என்கிற பயம்.

போன் அடித்தது, அக்கா, நான் கடைக்குக் கிளம்பிய பிறகுதான் சென்னையிலிருந்து வீட்டுக்கு வந்து இறங்கியிருந்தாள். 'டேய், எங்கடா இருக்கே, அவர் கடைல அரை மணி நேரமா நிக்கிறாராம், ரிப்ளை போட மாட்டியா?' என்றாள். பின்னால் மிக்ஸி ஓடுகிறது, அதை நிறுத்தச் சொல்லி அம்மாவிடம் கத்தினாள். கொக்கி பாக்கி என்றேன். 'கொக்கியை அந்தக்கா வைக்கட்டும், நீ கையை வச்சுட்டுச் சும்மாதானே உக்காந்திருக்கே, எதுன்னு சொல்லு.' நீ சொல்லு என்றேன். 'எனக்கென்னடா, நீதானே விளையாடப் போறே.' அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள், உப்பு போட்டாயா என்று கேட்கிற மாதிரி. நசீமா அக்காவின் மிஷின் ஒரு நீளத் தையல் ஓடி நின்றது. 'என்னடா, லைன்ல இருக்கியா?' இருக்கேன். உன் கார் நேரா போகுது என்றேன். ஒரு வினாடி அவளுக்குப் புரியவில்லை, அப்புறம் சிரித்தாள். 'ஸ்டேட்டஸ் பார்த்தியா? ஒரு மாசம் ஆச்சுடா அது சரியாக, விரல் சொன்ன பேச்சே கேக்கல, அவர்தான் பக்கத்துல உக்காந்து, விடு விடு, தள்ளாதேன்னு சொல்லிட்டே இருந்தார். அந்தப் பழசைத் தூக்கிப் போடுடா முதல்ல, அதுல எப்படித்தான் விளையாடினோமோ.' எப்படித்தான் விளையாடினோமோ. நானும் சிரித்தேன், சிரித்த சத்தம் எனக்கே வேறு யாருடையதோ மாதிரி கேட்டது. 'கன்சோல்னு சொல்லிடு' என்றாள். 'அவர்கிட்ட இருக்கறதும் அதேதான், ஆன்லைன்ல சேர்ந்துக்கலாம், நீ அங்கிருந்து, நாங்க இங்கிருந்து, மூணு பேரா ஓட்டலாம். நல்லா இருக்கும்ல?' நாங்க இங்கிருந்து என்றாள். அவள் பேசிக்கொண்டிருந்தது எங்கள் வீட்டு அடுப்படியில் நின்று, இங்கே என்று அவள் சொன்னது சென்னையில் அந்த சோபாவை. நல்லா இருக்கும் என்றேன். 'அப்போ இப்பவே போடு, கன்சோல்னு. தேங்க்ஸ் மாமான்னு சேர்த்துப் போடு, எருமை. ஒரு தடவை மாமான்னு கூப்பிட்டாத்தான் என்ன, அவர் கேக்க மாட்டார், ஆனா எதிர்பார்க்கிறார்டா, எனக்குத் தெரியும்.' போடறேன் என்றேன். 'சத்தியமா?' சத்தியமா என்றேன்.

வைத்துவிட்டாள். ஐந்து ஐம்பத்தைந்து. நசீமா அக்கா நான்கு ப்ளவுஸையும் ஒரு துணிப்பையில் போட்டு என் மடியில் வைத்தார், கல் ஒட்டியது காய வேண்டும், பையை அமுக்காதே என்றார். நான் இரண்டு கையாலும் போனைப் பிடித்துக்கொண்டேன், கட்டைவிரல் இரண்டும் எழுத்துகளுக்கு மேலே நின்றது. அவர் பெயருக்குக் கீழே ஆன்லைன் என்று இருந்தது, பாவம், நின்றுகொண்டேதான் இருக்கிறார். மூன்று பேர். அவள் சொன்னது நிஜமாகவே நன்றாகத்தான் இருக்கும், திரையில் மூன்று கார், அதில் இரண்டு ஒரே சோபாவில் பக்கத்துப் பக்கத்தில், ஒன்று சேலத்தில், ஹெட்செட்டில் அவர்கள் இரண்டு பேரும் தங்களுக்குள் எதற்கோ சிரிப்பது கேட்கும், எதற்கு என்று நான் கேட்டால் ஒண்ணுமில்லடா என்பாள். எனக்குக் கன்சோல்தான் வேண்டும். நான் பொய் சொல்லவில்லை, அந்த நிமிஷம் பிசியின் ஃபேன் கலர்கூட எனக்கு நினைவில்லை. ஆனால் அந்த மூன்றாவது காராக மட்டும் ஓட மாட்டேன். 'பிசி' என்று அடித்தேன். இரண்டே எழுத்து, முற்றுப்புள்ளிகூட வைக்கவில்லை. அனுப்பினேன். உடனே நீல டிக் விழுந்தது, 'சூப்பர் மச்சான், நானும் அதான் நெனச்சேன்' என்று வந்தது, கூடவே கட்டைவிரல் தூக்கின ஒரு பொம்மை. அப்புறம் அவர் டைப் பண்ணுகிறார் என்று காட்டியது, நின்றது, மறுபடியும் காட்டியது, நின்றது. தேங்க்ஸ் மாமா என்று போடச் சொல்லியிருந்தாள். ஆறு மணி ஆனது, ஆறு பத்தும் ஆனது, பையை அமுக்காமல் பிடித்துக்கொண்டு ஸ்டூலிலேயே உட்கார்ந்திருந்தேன், போடவில்லை.